நகரசபையின் நேரமும் நம்முடைய நேரமும்

விடியற்காலையில் பங்காருபேட்டை ரயில் நிலையத்துக்கு வந்து பார்த்தால் தெரியும். மாரிக்குப்பத்திலிருந்து வரும் வண்டியில் நிற்கவும் இடமின்றி நம்மவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். வீடு திரும்புவது விளக்கு வைத்த பிறகுதான். நகரசபையோ ஆபீஸ் நேரத்தில் திறந்து, ஆபீஸ் நேரத்தில் மூடுகிறது. இவர்கள் எப்போது போய்க் குறை சொல்வது?

சுரங்கம் ஓடிய காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. லைன் வீடு, தண்ணீர், வெளிச்சம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் கம்பெனி இருந்தது. கம்பெனியிடம் பேச யூனியன் இருந்தது. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனதைப் பற்றி எல்லோரும் பேசினோம். முறையிடுவதற்கு இருந்த இடமும் போனதை அவ்வளவாகப் பேசவில்லை.

1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மக்களும் இடம்பெறக்கூடிய வார்டு கமிட்டிகளைக் கட்டாயமாக்கியது, 3 லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டுமே. கிராமத்தாருக்குக் கிராமசபை உண்டு. பெங்களூர் போன்ற மாநகரத்துக்கு வார்டு கமிட்டி உண்டு. 2011 கணக்கின்படி தங்கவயல் நகரசபையில் சுமார் 1.62 லட்சம் பேர். பங்காருபேட்டையில் 45 ஆயிரம் பேர்கூட இல்லை. இப்படிப்பட்ட ஊர்களை மாநில அரசின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். சின்ன ஊரில் கவுன்சிலரைத் தெருவிலேயே பிடித்துக் கேட்கலாம் என்று நினைத்தார்களோ என்னவோ! தெருவில் பிடிக்க நாம் பகலில் ஊரில் இருந்தால்தானே?

ஆகவே நாம் கேட்க வேண்டியது பெரிய காரியமல்ல. வார்டுதோறும் இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதில் கவுன்சிலரோடு தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு இவற்றைக் கவனிக்கும் அதிகாரியும் இருக்க வேண்டும். ஞாயிறு விடுமுறையாயிற்றே என்று அவர்கள் சொல்லலாம். நமக்கும் அது ஒன்றுதான் விடுமுறை.

நம்மிடமும் குறை உண்டு. ஓட்டுப் போட லீவு எடுத்து வருகிறோம், அதோடு சரி. நகரசபை நோட்டீஸ் கன்னடத்தில் இருக்கிறது என்பது சாக்கு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை படித்துச் சொல்லும். கூட்டம் வைத்தால் வீட்டு மாதரையும் அழைத்துப் போக வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை என்பது நம்மைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

புதிய நிதியாண்டு ஏப்ரல் முதல் தேதி பிறக்கிறது. பட்ஜெட்டுக்கு முன்பே கேட்டால்தான் பலன். பிப்ரவரிக்குள் மனு போய்ச் சேர வேண்டும். கையெழுத்து வாங்க அந்தக் காலை வண்டியைவிட வசதியான இடம் வேறு இல்லை.