தொட்டுப் பார்க்கத் தெரிந்த கை

கூடலூர்ப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பத்து மாதக் குழந்தைக்குக் கை, கால் விரல்கள் வீங்கி, ஓயாத அழுகையாம். ரத்தம் சோதித்து, ‘சிக்கிள் செல்’ நோய் என்று சொல்லிவிட்டார்களாம். “இனி என் கையில் என்ன இருக்கு, அக்கா?” என்று கேட்கிறார்.

நிறையவே இருக்கு, தங்கச்சி!

நம் ரத்தத்தின் சிவப்பணுக்கள் வட்டமாக, மெத்தென்று இருப்பவை. இந்நோயில் அவை கதிர் அரிவாள்போல் வளைந்து விறைத்துவிடும். மெல்லிய ரத்தக் குழாய்களில் அவை அடைத்துக்கொள்வதால்தான் வலி. 120 நாள் இருக்கவேண்டிய அணு, 10, 20 நாளிலேயே அழிந்துபோவதால் ரத்தசோகை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்நோய். மருமகளை மட்டும் குறை சொல்வது அநியாயம். இந்தியாவில் இந்த ரத்தக் குறையை முதன்முதலில் கண்டதே 1952-இல், நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான்.

ஜமைக்காவில் நடந்ததைக் கேளுங்கள். இந்நோயுள்ள சில குழந்தைகளுக்குத் திடீரென மண்ணீரல் வீங்கி, ரத்தம் அங்கே தேங்கிவிடும். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. 1973 முதல் கிங்ஸ்டன் நகரில், பிறந்த குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, நோயுள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். டாக்டர் கிரகாம் சார்ஜன்ட் குழுவினர் தாய்மார்களுக்கு ஒரு வித்தை கற்றுத் தந்தார்கள்: இடது விலாவுக்குக் கீழே மெல்லத் தடவி, மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது. 1985-இல் வந்த கணக்கைப் பாருங்கள்: இப்படி வீங்கிய 100 தடவைக்கு 29 ஆக இருந்த சாவு, 3 ஆகக் குறைந்தது! தாய் நேரத்தோடு கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. மண்ணீரலைத் தொட்டுப் பார்க்க டாக்டரிடம் கற்றுக்கொள்ளுங்கள். தினம் ஒரு தடவை, குளிப்பாட்டும்போதே பார்த்துவிடலாம். வீக்கத்தோடு குழந்தை வெளுத்துத் துவண்டால் உடனே ஆஸ்பத்திரி.

2. ஜுரம் 101 டிகிரியைத் தாண்டினால் கஷாயம் வைத்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். நிமோனியா கிருமி இவர்களை வேகமாகத் தாக்கும். தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். டாக்டர் எழுதித் தந்த பென்சிலினை 5 வயது வரை ஒருவேளைகூட விடாமல் கொடுங்கள்.

3. அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். குளிரில் ஸ்வெட்டர் அவசியம். பச்சைத் தண்ணீர்க் குளியல் கூடாது.

4. ‘ரத்தம் கம்மி’ என்று நீங்களாக இரும்புச்சத்து டானிக் வாங்கித் தராதீர்கள். இது இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகையல்ல.

ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து, வலி வருவதை வெகுவாகக் குறைக்கிறது. ரத்தப் பரிசோதனை செய்தபடி, டாக்டர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டிய மருந்து அது. வலி நின்றதும் நிறுத்திவிடக் கூடாது.

அடுத்த குழந்தைக்கு முன் கணவன், மனைவி இருவருமே டாக்டரிடம் ஆலோசனை கேளுங்கள். இருவரிடமும் இந்தக் குறை மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்புண்டு. 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில், 40 வயது வரை உள்ளவர்களுக்கு இதற்கான ரத்தப் பரிசோதனை உண்டு. தமிழ்நாடும் அதில் சேர்ந்ததுதான். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைகள் இருந்தால், ஜாதகத்தோடு இதையும் பார்த்துவிடுங்கள்!