தலை ஒன்று, உடல் இரண்டு

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் ஆலயத்துக்குச் செல்வோர் கல்யாண மண்டபத்து யாளிகளையும் குதிரை வீரர்களையும் கண்டு பிரமித்துத் திரும்பிவிடுகின்றனர். அவ்வாலயச் சிற்பங்களுள் சிறியது ஒன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. யானையும் காளையும் எதிரெதிரே நிற்கின்றன. உடல்கள் இரண்டு, தலையோ ஒன்றே. காளையின் உடலைக் கையால் மறைத்தால் யானை நிற்கிறது. யானையை மறைத்தால் காளை நிமிர்ந்து நோக்குகிறது.

சிறுவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். அவர்கள் கண்டுபிடிக்குமுன்பே, உடன் வந்த பெரியவர் ஒருவர் ஆர்வ மிகுதியால் விடையைச் சொல்லிவிட்டார். குழந்தைகளின் முகம் வாடியது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்த புதிரை ஒரு நொடியில் வீணாக்குவது நியாயமா?

ரிஷப குஞ்சரம் என்னும் இவ்வுருவம் வேலூருக்கு மட்டும் உரியதன்று. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராஜராஜ சோழன் எடுப்பித்த தாராசுரத்துக் கோயிலிலும் உண்டு. அஜந்தாவின் முதலாம் குகையிலோ மான்கள் நான்குக்கு ஒரே தலை. ஆயினும் நம்மைக் கேட்டால், காளையும் யானையுமே கடினமான கணக்கு என்போம். மான் தலை எந்த மானுக்கும் பொருந்தும். இங்கோ, ஒரே கண் இரு ஜாதிக்கும் கண்ணாக வேண்டும். ஜெர்மனியில் 1892-இல் நம்முடையதைப் போன்ற சித்திர வாரப் பத்திரிகை ஒன்று வெளியிட்ட வாத்து-முயல் படம் உலகப் புகழ் பெற்றது. அதில் வாத்தின் அலகே முயலின் காதுகள். நம் சிற்பிகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இவ்வித்தையைக் கல்லில் செய்துவிட்டார்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்?

இத்தகைய படம் வரைய விரும்பும் நேயர்கள் உடலிலிருந்து தொடங்க வேண்டாம். பொதுவான தலையை முதலில் அமைத்துக்கொள்க. ஒரு கோடும் ஒரு விலங்குக்கு மட்டும் உழைக்கலாகாது. பசுவையும் எருமையையும் எடுத்தால் புதிர் பிறக்காது. அவை முன்னமே ஒன்றுபோல் இருப்பதால் கண்ணுக்குத் தடுமாற்றமே இல்லை.

நிற்க. ஆம்பூரிலிருந்து ஒரு சிறுமி நமக்கொரு படம் அனுப்பியிருக்கிறாள். அவள் தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். "இங்கே தோல்களுக்குத் தலையே கிடையாது, அப்பா எப்படி விலங்கை அடையாளம் சொல்கிறார்?" என்று கேட்டு, மூன்று தோல்களைப் புள்ளிகளால் வரைந்திருக்கிறாள். புள்ளிகள் மயிர்க்கால்கள். முதலாவதில் அவை வளைந்த வரிசைகளாக உள்ளன, அது வெள்ளாடு. இரண்டாவதில் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவியிருக்கின்றன, அது மாடு. தலையை இரட்டிப்பாக்கிய சிற்பியை வியந்துகொண்டிருந்த நாம், தலையே இல்லாத இப்புதிரின் முன் சற்று வெட்கமுற்றோம்.

மூன்றாவதில் புள்ளிகள் மும்மூன்றாகக் கூடியிருக்கின்றன. சேற்றில் புரள்வதில் பிரியமுள்ளது, ஆனால் கொம்பில்லாதது என்பது அவள் தரும் குறிப்பு. விடை கண்டவர்கள் பக்கத்திலிருக்கும் பிள்ளைகளிடம் உடனே சொல்லிவிட வேண்டாம்.