வரப்பில் எறியும் செடிக்கு வீட்டில் ஒரு தொட்டி

களக்காடு பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு ஆரைக்கீரையைத் தெரியாமல் இருக்காது. நாலு இலையைக் குடைபோல விரித்து நெல்லுக்கு இடையே படர்ந்து நிற்கும். களை எடுக்கும்போது அதைப் பிடுங்கி வரப்பில் எறிகிறோம். வாய்க்கால் ஓரம் படரும் நீர்ப்பிரமியையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பவர்கள் ஆரை இனச் செடிகளையும் நீர்ப்பிரமியையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளில் மீனோடு செடியும் விற்பனையாகிறது.

மீன் தொட்டிச் செடி என்றால் அதை வளர்க்கக் குளம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தேவையில்லை. இச்செடிகளை விற்பனைக்கு வளர்க்கும் பண்ணைகள் பலவும் அவற்றை நீருக்கு மேல், ஈரமான தொட்டியில்தான் வளர்க்கின்றன. ஆற்றோரச் செடிகள் பல இரண்டு விதமாகவும் வாழப் பழகியவை. மழைக்காலத்தில் மூழ்கிக் கிடக்கும். நீர் வடிந்ததும் சேற்றில் நிமிர்ந்து பூக்கும். கரியமில வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதனால் மேலே வளரும் செடிக்கு அது தடையின்றிக் கிடைத்து, தண்டு தடித்து வேகமாக வளரும். பாசித் தொல்லையும் குறைவு.

செய்முறை எளிது. குளத்துக் கரம்பை இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு கைப்பிடி கலந்து, அடியில் துளையுள்ள சிறு தொட்டிகளில் நிரப்புங்கள். பச்சைச் சாணம் கூடாது, வேர் அழுகிவிடும். நீர்ப்பிரமியில் மூன்று, நான்கு கணு உள்ள தண்டை நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு நடுங்கள். ஆரைக்கு வேரோடு கூடிய கொடித்துண்டு போதும். தொட்டிகளை ஒரு தட்டில் வைத்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள். முதல் ஒரு வாரம் நிழலில் வைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடினால் இலை வாடாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிச்சத்துக்குப் பழக்கலாம். வாரம் ஒரு முறை தட்டுத் தண்ணீரை முழுவதும் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். தவறினால் செடியோடு கொசுவையும் வளர்த்தவர்கள் ஆவோம்.

பூச்சி மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். இலையில் தங்கிய மருந்து வாங்குபவரின் தொட்டியில் மீனையும் இறாலையும் கொன்றுவிடும். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அல்லது அந்தத் தண்டை நறுக்கி எறியுங்கள். இன்னொன்றையும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். மேலே வளர்ந்த இலைகள் தண்ணீருக்குள் போனதும் சில வாரங்களில் உதிர்ந்து, புது இலை துளிர்க்கும். சொல்லாமல் விற்றால் செடி செத்துவிட்டது என்று நம்மேல் பழி வரும். எல்லாச் செடிக்கும் இந்த முறை பொருந்தாது. ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்றவை தண்ணீரைவிட்டு எடுத்தால் காய்ந்துவிடும்.

தாய்ச்செடியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதே இதில் மிக முக்கியம். மேற்கே மலையோடைகளில் அழகழகான நீர்ச்செடிகள் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். ஆனால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இல் அமைந்த, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். அனுமதியின்றி அங்கிருந்து செடியைப் பிடுங்கி வருவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம் வாழைக்கும் நெல்லுக்கும் வரும் தண்ணீர் அந்த ஓடைகளில் பிறப்பது. அதன் கரையை நாமே மொட்டையடிக்கலாமா? நம் வயலில் ஒரு பிடி ஆரையும் நீர்ப்பிரமியும் எடுத்தால் போதும். அதிலிருந்து எத்தனை தொட்டி வேண்டுமானாலும் பெருக்கலாம்.

அதேபோல, கழித்த செடியை வாய்க்காலில் வீசக் கூடாது. தாமிரபரணியை மூடிக்கிடக்கும் அமலைச்செடி தென் அமெரிக்காவில் பிறந்தது. பூவின் அழகுக்காக மனிதர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனதுதான் இன்று மடையை அடைக்கிறது. வெளிநாட்டு நீர்ச்செடி எதையாவது வாங்கி வளர்த்தால், மிச்சத்தை வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

காற்றில் சாய்ந்த வாழையின் நட்டத்தை இந்தத் தொட்டிகள் ஈடுகட்டிவிடும் என்று நாம் சொல்லவில்லை. திண்ணை ஓரத்தில் பத்துத் தொட்டியோடு தொடங்குங்கள். பெருக்குவதற்கு முன் நெல்லையிலும் நாகர்கோவிலிலும் உள்ள வண்ண மீன் கடைகளில் என்ன செடி கேட்கிறார்கள், என்ன விலை தருவார்கள் என்று விசாரியுங்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் வண்ண மீன் வளர்ப்புக்கு ஆலோசனை கேட்கலாம். மகளிர் குழுக்களுக்கு மாடித்தோட்டம் சொல்லிக்கொடுக்கும் தோட்டக்கலை அலுவலர்கள், இந்த ஈரத்தொட்டியையும் ஒரு பாடமாகச் சேர்த்துக்கொண்டால் நல்லது. அடுத்த முறை களை எடுக்கும்போது ஒரு பிடியை வரப்பில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.