ஏரியலைக் கவனிக்க ஆள் இல்லையா?



நம்ம யூனியன் மலரில் காதல் கவிதைக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. அதனால் நான் கொஞ்சம் கம்பியையும் கேபிளையும் பற்றிப் பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிள்ளைச்சாவடிக்காரன். அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் யார் போட்டில் வயர்லெஸ் செட் 'கொர்ர்' என்றாலும், "தம்பி, நீ அதைத்தானே படிக்கிற, வந்து பாரு" என்று கூப்பிடுகிறார்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் செட்டில் கோளாறு இல்லை. ஏரியலிலும் கேபிளிலும்தான் கோளாறு. ஆனால் காசு போவதோ புது செட்டுக்கு!

1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்க லாரி டிரைவர்கள் 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. ரேடியோவைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. வண்டி இரும்பு. கால் அலைநீளக் கம்பிக்குக் கீழே உலோகத் தகடு வேண்டும். அதுதான் ஏரியலின் மறுபாதி. நம்ம ஃபைபர் போட்டில் ஏது இரும்பு? ஜீப்புக்கு விற்கிற ஏரியலை வாங்கி அப்படியே போட்டில் கட்டினால் பாதி ஏரியலைக் கட்டியது மாதிரி. போட்டுக்கு அரை அலை ஏரியல்தான் சரி. அளவும் வேறு. 27-க்குக் கால் அலை சுமார் 2¾ மீட்டர். கடல் வி.எச்.எஃப். 16-ஆம் சேனலான 156.8-க்கு 48 சென்டிமீட்டர்கூட இல்லை.

உயரமும் முக்கியம். இரண்டு போட்டிலும் ஏரியல் முனை தண்ணீருக்கு 1 மீட்டர் மேலே இருந்தால் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் எட்டும். 4 மீட்டருக்கு ஏற்றினால் 16. இதற்கு வாட்ஸ் கூட்டிப் பிரயோஜனமில்லை, மூங்கில்தான் வேண்டும்.

ஆனால் உயரமாக வைத்தது கரையில் நிலைப்பதில்லை. 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுக அலைத்தடுப்பு கட்டிய பிறகு வடக்கே மணல் அரித்துக்கொண்டே போகிறது. எங்க ஊரில் போட்டை ஏற்றி வைக்கவே இடமில்லை. நெருக்கி இழுக்கும்போது ஏரியல் முறிகிறது. மடக்கிப் படுக்க வைக்கிற மாதிரி கீல் போட்டால் இது தீரும்.

அடுத்தது உப்பு. பிளக் வழியாக ஒரு சொட்டு உள்ளே போனால் போதும், கேபிளின் வலைக்கம்பி திரி மாதிரி உறிஞ்சிக்கொண்டே போகும். உரித்துப் பார்த்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, கூரை வேய்கிற மாதிரி, சுற்ற வேண்டும். செட்டுக்குள் நுழையுமுன் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மறந்தும் டி.வி. கேபிள் போடக்கூடாது. அது 75 ஓம், செட் கேட்பது 50. ஒரு கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்பா" என்று எங்க சித்தப்பாவிடம் அதை விற்றுவிட்டார்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டியூனிங். எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்றால் அனுப்பும் சக்தியில் கால்வாசி திரும்பி வருகிறது; 1.5 என்றால் 4 சதவீதம்தான். வெறும் கம்பி ஏரியலில், கீழ்ச் சேனலில் அளவு குறைவாகவும் மேல்ச் சேனலில் அதிகமாகவும் காட்டினால் கம்பி நீளம், துளித்துளியாகக் குறைக்கலாம். மூடி வந்த கம்பெனி ஏரியலில் கத்தி வைக்கவே கூடாது. 27-க்கு வாங்கிய மீட்டரும் 156-ல் பொய் சொல்லும். இன்னொரு பொய் இதைவிடப் பெரியது. ஊறிப்போன கேபிள் திரும்பி வரும் சக்தியைத் தானே விழுங்கிவிடும். மீட்டர் நல்லபிள்ளை மாதிரி 1.3 காட்டும்! அதனால் மீட்டரை ஏரியல் அடியிலும் வைத்துப் பார்க்கணும்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்கள் பலருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. அது வி.எச்.எஃப். எட்டாத தூரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டுகிற தூரத்தில் இருக்கிற எங்க அப்பாவுக்கு ஒரு பச்சை பூத்த பிளக்கால் செய்தி கேட்காமல் போவது என்ன நியாயம்?

செட்டுக்கு மானியம் கேட்கிறார்கள், கேட்கட்டும். ஏரியலைச் சோதிக்க ஆள் எங்கே? நாம் இருக்கிறோமே! என்.எஸ்.எஸ். முகாமில் வருஷா வருஷம் அதே குழியில் செடி நடுகிறோம். இந்த வருஷம் லேப் மீட்டரோடு கடற்கரைக்கு வரலாமே. 16-ல் சோதனை போடக்கூடாது, அது ஆபத்து அழைப்புக்கானது. வேறு சேனலில் பார்க்கலாம். ஐப்பசி மழைக்கு முன் இரண்டு சனிக்கிழமை போதும். யூனியன் தலைவர் துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கட்டும். டேப் செலவுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய். டீயும் வறுத்த மீனும் எங்க அம்மா பொறுப்பு, கேட்டுவிட்டேன்.