நாட்டுத் துப்பாக்கியை நம்பலாமா?

"இந்தத் துப்பாக்கி இன்னும் சுடுமா?" என்று கேட்போர் எங்கள் கல்வராயன் மலையில் பலர். "சுடுபவனையே சுட்டுவிடாதா?" என்று கேட்போர் மிகச் சிலர். அந்தச் சிலருள் நானும் ஒருவன். என் தாத்தாவின் இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. காட்டுப்பன்றி விரட்டப் போன ஓர் இரவில் குழல் வெடித்துப் பறித்த விரல்கள் அவை.

குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, நாரைத் திணித்து, ஈயக் குண்டுகளை இட்டு, கம்பியால் இடித்துச் சுடுவது இவ்வகைத் துப்பாக்கி. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் குழல் பிளக்கலாம். மருந்திட்டதை மறந்து மறுபடி இட்டாலும் அதே ஆபத்துதான். சுட்டபின் தங்கும் கசடோ மலைப்பனியின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே எண்ணெய் பூசிப் பளபளக்கும் குழலுக்குள் விழுந்த குழிகளை யார் காண்பார்?

"நாற்பது வருடம் சுட்டது, இனியும் சுடும்" என்பர் பெரியோர். அது சான்றாகாது, நாற்பது வருடத் தேய்மானத்தையே அது காட்டுகிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1813-லேயே துப்பாக்கிச் சோதனைச் சாலை ஏற்பட்டது. வழக்கத்தைவிட மிகுதியாக மருந்திட்டுச் சுட்டு, தாங்கிய குழலுக்கே அங்கு முத்திரை. கிடைத்த குழாயில் கள்ளத்தனமாகச் செய்த துப்பாக்கிக்கு அந்தச் சோதனை ஏது?

உரிமமின்றி வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். வேட்டையோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இவற்றை அறிந்தும், விரல் போன பின்னும், தாத்தா இன்னொரு துப்பாக்கி வாங்கினார். அறியாமையா? அன்று! மரவள்ளிக் கொல்லையைப் பன்றி ஒரே இரவில் கிளறிவிட்டால் ஓராண்டு உழைப்பு போயிற்று.

காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025-இல் தமிழக அரசு அறிவித்தது. காட்டின் மடியிலேயே கொல்லை வைத்திருக்கும் மலைவாசிக்கு அதனால் என்ன பயன்?

ஆகவே, துப்பாக்கியை ஒப்படையுங்கள் என்று என் மக்களிடம் சொல்கிறேன். வலுவான வேலியும், தாமதமில்லாத இழப்பீடும் தாருங்கள் என்று அரசிடம் கேட்கிறேன். முன்னதை மட்டும் சொல்வது நியாயமாகாது.

சென்ற ஆண்டு தாத்தா துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். இப்போது எட்டு விரல்களால் தகரம் தட்டிக் கொல்லையில் விழித்திருக்கிறார். அவர் நிம்மதியாய் உறங்க வழி செய்வது யார் கடமை? சிந்திப்போம்!