துண்டுச் சீட்டும் விசாச் சீட்டும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே புதியதோர் ஆள்பிடிப்பு நடைபெறுகின்றது. அட்டனையும் நுவரெலியாவையும் சூழ்ந்த லயங்களில் வெளிநாட்டுத் தரகர்கள் ஏறி இறங்குகின்றனர். கொழுந்து கிள்ளியும் குடும்பம் நடத்த முடியாத தொழிலாளியிடமும், உர விலையால் ஒடிந்த மரக்கறி விவசாயியிடமும், "விசா தயார், கையொப்பம் இடு" என்கின்றனர். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இதற்கிடையே, 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி இந்நாட்டை விட்டுச் சென்றனர். போகாதே என்று தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால், எந்தக் காகிதத்தில் கையொப்பம் இடுகிறாய் என்று கேட்கும் கடமை நமக்குண்டு.

முதலாளியின் அனுசரணையில் கிடைக்கும் தற்காலிகத் தொழில் விசா என்பது யாது? தொழிலாளி அந்நிய நாட்டில் தங்கும் உரிமையை ஒரே முதலாளியின் பெயரோடு முடிச்சிடும் ஏற்பாடே அது. வேலை போனால் தங்கும் உரிமையும் போகும். வளைகுடா நாடுகளில் இதனைக் கஃபாலா முறை என்பர். கட்டார் நாடு 2020இல், பழைய முதலாளியின் சம்மதமின்றியே வேலை மாறலாம் என்று விதித்தது. சவூதி அரேபியா 2021இல் செய்த சீர்திருத்தமோ வீட்டுப் பணியாளரை விலக்கியே வைத்தது. நம் பெண்களிற் பலர் செல்வது அந்த வீட்டு வேலைக்கன்றோ?

இந்த முடிச்சு நமக்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் கண்ட துண்டு முறையை எண்ணிப் பாருங்கள். கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறிற்று. அக்கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் ஆளை விடுவோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. அஃதின்றி வேறு தோட்டத்தில் வேலையில்லை. ஆளோடு கடனும் தோட்டம் விட்டுத் தோட்டம் சென்றது. 1921இல் சட்டம் அம்முறையை ஒழித்தது. இன்று வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்குத் தரகர் முற்பணம் நீட்டுகின்றார். இடையில் திரும்ப விரும்பினால், செலவைக் கட்டிவிட்டுப் போ என்கின்றனர். சீட்டின் பெயர் மாறியது, முடிச்சு மாறியதா?

முற்பணம் தருபவர், விசாவைக் கொணர்பவர், ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்பவர் மூவரும் ஒருவரே என்பதுதான் இதிலுள்ள பேராபத்து. முதலாளி தரப்பிடம் ஊதியம் பெறும் ஒருவர் தொழிலாளியின் ஆலோசகராக எங்ஙனம் இருக்க முடியும்? வழக்கில் எதிர்க்கட்சியின் வழக்கறிஞரிடமே நம் வழக்கையும் ஒப்படைப்போமா?

ஒப்படைத்தால் நேர்வது என்ன என்பதற்கு மூதூர் றிசானா நபீக் சாட்சி. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி, 2005இல் அவர் சவூதிக்கு அனுப்பப்பட்டார். பொறுப்பிலிருந்த குழந்தை இறந்தபோது கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. முதல் விசாரணையில் அவருக்கென்று ஒரு வழக்கறிஞர் இல்லை. 2013 ஜனவரி 9ஆம் நாள் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பின்னர் 2022இல், சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கடத்தப்பட்ட பெண்களின் அவலம் வெளிவந்தது. விசாவின் வகையைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், அவர்களிற் சிலரேனும் தப்பியிருப்பர் அல்லவா?

காகிதத்தின் வலிமையை மலைநாட்டாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றோராக்கிய பின், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. சட்டத்தின் கடுமையே அதற்கு முதற்காரணம். ஆயினும், வதிவுச் சான்று போதாது என்றும் படிவம் பிழை என்றும் தள்ளுண்ட குடும்பங்கள் எத்தனை!

ஆகவே, கையொப்பத்துக்கு முன் சில வினாக்கள் கேட்கப்பட வேண்டும். முகவருக்கு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா? விசா தொழில் விசாவா, சுற்றுலா விசாவா? அதிலுள்ள முதலாளியின் பெயரும் ஒப்பந்தத்திலுள்ள பெயரும் ஒன்றா? சம்பளம், விடுமுறை, திரும்பும் பயணச் செலவு எழுத்தில் உள்ளனவா? ஒப்பந்தம் பணியகத்தில் பதிவாகுமா? கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டா? இவற்றை நேர்மையான வழக்கறிஞர் ஒருவர் அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம். விசா கிடைப்பது உறுதி என்று அவர் சொல்லமாட்டார். சொல்பவரை நம்பவும் கூடாது. விசாவை வழங்குவது அந்நிய அரசு, ஆலோசகரல்லர்.

"வழக்கறிஞருக்குக் கொடுக்கத் தொழிலாளியிடம் பணமேது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. விடையைத் தொழிலாளியிடம் தேடாமல் நம்மிடமே தேடுவோம். ஏழைகளுக்கெனச் சட்ட உதவி ஆணைக்குழு 1978இல் சட்டத்தாலேயே அமைக்கப்பட்டது. அதன் கதவை நீதிமன்ற வழக்குக்கு மட்டுமின்றி ஒப்பந்தம் படிப்பதற்கும் தட்டுவோம். மாதந்தோறும் சந்தா பெறும் தொழிற்சங்கங்கள் தத்தம் அலுவலகத்தில் இப்பணிக்கென ஒருவரை அமர்த்தட்டும். தமிழ் வழக்கறிஞர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறை மலைநாட்டுக்குக் கொடுக்கட்டும். ஆசிரியர்கள் அருகிலிருந்து படிவம் நிரப்பட்டும்.

அரசிடமும் ஒன்று கேட்கின்றோம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழியாயிற்று. அங்ஙனமாயின், கையொப்பமிடும் தமிழ்த் தொழிலாளியின் கையில் ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி ஒன்று இருந்தே தீர வேண்டும் எனப் பணியகம் விதிக்கட்டும்.

தோட்டத்துத் தோழர்களே! கடல் கடந்து உழைப்பது இழிவன்று; நாம் இம்மலைக்கு வந்ததே அவ்வாறுதான். அன்று நமக்காகக் காகிதம் படிக்க ஒருவருமில்லை. இன்று படித்தவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களைத் தேடிச் செல்லுங்கள். அவர்கள் வராவிடில் உரிமையோடு அழையுங்கள். படித்துக் காட்டப்படாத எந்தக் காகிதத்திலும் பேனாவை வைக்காதீர்கள்!