சோபா அப்புறம், பாஷ் பாலிஷ் முதலில்!

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் நம்மாட்கள் முதலில் வாங்குவது சோபா. என்னைக் கேட்டால் பாஷ் பாலிஷ் வாங்குங்கள் என்பேன். ஷூவுக்குப் போடுவதல்ல சார், பக்கத்தில் அணைத்துக்கொள்ளும் நீளத் தலையணை! வங்காளி வீடுகளில் குழந்தை முதல் தாத்தா வரை இதைக் கட்டிக்கொண்டுதான் தூக்கம். நாம்தான் திண்டு என்றால் சாய்ந்து உட்கார மட்டும் என்று வைத்திருக்கிறோம்.

ஒருக்களித்துப் படுத்தால் மேல்கால் முன்னால் சரிந்து இடுப்பை முறுக்கும். முழங்கால்களுக்கு நடுவே இது இருந்தால் முறுக்கல் குறையும். நாளெல்லாம் நாற்காலியில் உட்காரும் என்னைப் போன்ற பேங்க்காரனுக்கு அதுவே பெரிய விஷயம். (வலி விடாவிட்டால் டாக்டரிடம் போங்கள்.)

இந்தப் புழுக்கத்துக்கு ஃபோம் வேண்டாம். ஷிமுல் பஞ்சு என்று கேளுங்கள். நம்ம போடி இலவம் பஞ்சுக்குப் பங்காளி.

ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மாவிடம் கேட்டால் "எனக்கெதுக்குப்பா?" என்றுதான் சொல்வார். கேட்காமல் வாங்கிப் போடுங்கள்.